பின்னால் கட்டிய கைகள்

அருப்புக்கோட்டையில் நான் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்த சேவை நிறுவனத்தில் சென்ற மாதம் ஒரு பயிற்சி நடந்தது. புதிதாகச் சேர்ந்த எட்டுக் களப்பணியாளர்களுக்கு ஒரு மணி நேரம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை.

பேசி முடித்ததும் காரியாபட்டியிலிருந்து வந்திருந்த திவ்யா என்ற பெண் எழுந்தாள். "மேடம், நாம வரிசையா நிக்கிறோம். அவுக அடிக்க வாராக. அப்ப நம்ம கை எங்க இருக்கணும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். தேர்வுக்குக் கேட்கும் கேள்வி போல இருந்ததால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை எப்படி வந்தது என்று தெரியாமல் அதைக் கையாளக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் பாலவனத்தத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனவர்கள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, கல்யாணமானது, ஒரு மகள் பிறந்தாள். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் சர்ச்சில் சொன்னதைக் கேட்டுத்தான் அந்த நிறுவனத்துக்குப் போனேன். என்ன வேலை என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஊர்களுக்குள் தகராறு வராமல் பார்த்துக்கொள்வது, பாதை, தண்ணீர், சுடுகாடு என்று உரிமை கேட்டுப் போராடுகிறவர்கள் கை நீட்டாமல் போராடப் பழக்குவது, இந்த இரண்டும்தான் வேலை என்று சேர்ந்த பிறகு சொன்னார்கள்.

சொன்னவர் தங்கராசு சார். எனக்கு மேலே இருந்த ஒருங்கிணைப்பாளர். ஒல்லியான ஆள். யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நின்று பேசுவார்; பெட்டிக்கடைக்காரர் வந்தாலும் அப்படித்தான், போலீஸ் அதிகாரி வந்தாலும் அப்படித்தான். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் சத்தம் கூடக் கூட இவர் குரல் குறைந்துகொண்டே போகும். கடைசியில் உதடு மட்டும்தான் அசையும். அவர் என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டுமானால் கத்துகிறவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த உத்திக்கு முன்னால் எத்தனையோ பேர் அடங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். நானும் வீட்டில் செய்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அகிம்சை என்ற சொல்லை அவர் ஊர்களில் பயன்படுத்த விடமாட்டார். "அது மேடைக்குரிய சொல்லு எஸ்தரம்மா. அவுக காதுல விழாது. கை நீட்டாம இருக்குறதுன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் வெளங்கும்" என்பார்.

சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் எனக்கு அவர் கொடுத்த வேலை, போய்ப் பார்த்துவிட்டு வருவது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட வேண்டும். முதல் பத்தியில் நானே கண்ணால் பார்த்தது. இரண்டாவதில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. மூன்றாவதில் அதைச் சொன்னது யார், அவர் அதைப் பார்த்தாரா இல்லையா. இதைத் தவிர ஒரு வார்த்தை எழுதக் கூடாது.

ஒரு தடவை எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு தெருக்காரர்கள் வைத்த பேனரை அடுத்த தெருக்காரர்கள் கிழித்துவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் ஆள் கூடிவிட்டது. சார் என்னை பஸ்ஸில் அனுப்பினார். "நீங்க எதையும் தீத்து வைக்க வேண்டாம். பாத்துட்டு வந்தாப் போதும்." நான் போய்ப் பார்த்தேன். பேனர் மேலிருந்து கீழே கிழிந்திருந்தது. மேல் கயிற்றில் சோளத்தட்டை சிக்கியிருந்தது, ஒரு கை அளவு. ரோட்டின் மேல் நீட்டிக்கொண்டிருந்த வேப்பங்கிளையிலும் தட்டை தொங்கியது. டீக்கடையில் கேட்டால், விடியற்காலையில் தட்டை லோடு ஏற்றிய லாரி ஒன்று அந்த வழியாகப் போனது என்றார்கள். மூன்று பத்தியையும் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மதியத்துக்குள் சார் லாரிக்காரரைக் கண்டுபிடித்து, ஊருக்கே கூட்டி வந்து, எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தார்.

கூட்டம் கலைந்தது. ஆனால் கம்போடு நின்ற இரண்டு மூன்று பேர் முகத்தில் நான் பார்த்ததை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. ஏமாந்துபோனவர்கள் மாதிரி இருந்தார்கள். சாரிடம் சொன்னேன். "அதுவும் நீங்க பாத்ததுதான, முதல் பத்தியிலயே எழுதுங்க" என்றார்.

இப்போது புதியவர்கள், மூன்று பத்தி நோட்டால் பயனில்லை, நாம் பஸ் ஏறுவதற்குள் கிழிந்த பேனர் வீடியோவாக நூறு போனுக்குப் போய்விடுகிறது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் லாரியை வீடியோவில் யாரும் எடுக்கமாட்டார்கள். அதைப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்து நாலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தபோது, ஒரு சாயங்காலம் என் மகளைக் கன்னத்தில் அறைந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தாள், கேட்டதற்கு எதிர்த்துப் பேசினாள், அவ்வளவுதான். அறைந்த பிறகு அவள் அழவில்லை. "இதத்தான் ஊரு ஊராப் போயிச் சொல்லிக் குடுக்குறியாம்மா?" என்று கேட்டாள். மறுநாள் ஒரு மகளிர் குழுவுக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டும். முடியாது, எனக்குத் தகுதியில்லை என்று சாரிடம் போய் நின்றேன். அவர் நடந்ததை முழுதாகக் கேட்டார். சமாதானம் சொல்லவில்லை. "அப்ப வகுப்புல மொதல்ல இதச் சொல்லுங்க. மத்தது அப்பறம்" என்றார். சொன்னேன். அந்தக் குழுவில் இருந்த பெண்கள் அதுவரை என்னிடம் பேசாததையெல்லாம் அன்றைக்குத்தான் பேசினார்கள். வீட்டில் விழுகிற அடியைப் பற்றி. விழுந்த அடியையும், தாங்கள் கொடுத்த அடியையும்.

இனி சோலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊர். பெயர் வேண்டாம். இன்றும் அங்கே இரண்டு தெருக்காரர்களும் இருக்கிறார்கள். கீழத்தெருக்காரர்களின் சுடுகாடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். அதற்குப் போகும் வண்டிப்பாதை மேலத்தெருக்காரர்களின் புஞ்சைக் காடுகளுக்கு நடுவே போகிறது. ஊர் வரைபடத்தில் அது பொதுப்பாதை. ஆனால் வழியில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். கோடையில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போது பிரச்சினையில்லை, அதற்குள்ளேயே நடந்துவிடலாம். கார்த்திகையில் யாராவது செத்தால், நெஞ்சளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவை கால் வழுக்கி, ஒரு பெண்ணின் உடல் தண்ணீருக்குள் விழுந்து, தேடி எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தார்கள்.

மனு எழுதிக் கொடுத்தோம். அளந்தார்கள். பாதை பொதுப்பாதைதான், திறந்துவிட வேண்டும் என்று ஆணையும் வந்தது. ஆணை வந்த பிறகும் முள் அங்கேயே கிடந்தது. அடுத்த சாவு விழும்போது முள்ளுக்கு முன்னால் போய் நிற்பது, அதிகாரிகள் வந்து திறக்கும் வரை நகர்வதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்தது. எட்டு மாதம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம்.

பயிற்சி எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பள்ளிக்கூடக் கட்டடத்தில் பாதிப் பேர் வரிசையாக நிற்பார்கள். மீதிப் பேர் எதிரிகளாக வருவார்கள். காதுக்குள் கெட்ட வார்த்தை பேசுவார்கள், தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், தள்ளுவார்கள். வரிசையில் நிற்பவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்க வேண்டும். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்க வேண்டும். பிடி விட்டால் அவர் அன்று தோற்றார். அடி விழுந்தால் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும். கை ஏன் பின்னால் என்று கேட்டால் சார் சொல்வார்: "தூக்குன கை, மறைக்கிற கையா அடிக்கிற கையான்னு தூரத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது. அவன் கல்ல எடுத்துருவான்."

வேறு விதிகளும் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவர் மடியையும் பையையும் பார்க்க வேண்டும். கத்தி, சாவிக்கொத்து, குடை எதுவும் கூடாது. குடித்தவர் வரக் கூடாது. பெண்களையும் பிள்ளைகளையும் கேடயம் போல முன்னால் நிறுத்தக் கூடாது. அன்றைக்குத் துக்கத்தில் இருப்பவர் முன்வரிசையில் நிற்கக் கூடாது. துக்கமும் கோபமும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பார் சார்.

சோலை லோடு ஆட்டோ ஓட்டினார். முப்பத்திரண்டு வயதிருக்கும். மனைவி முத்துராக்கு, பிள்ளை இல்லை. சந்தையில் ஒருவரை அடித்து ஏற்கெனவே ஒரு வழக்கு வாங்கியவர். முதல் நாள் பயிற்சியில் எங்கள் ஊழியர் அந்தோணி அவருடைய அம்மாவைச் சேர்த்துத் திட்டியதும், அடுத்த நொடி அந்தோணியின் உதடு கிழிந்திருந்தது. எல்லாரும் அந்தோணியிடம் ஓடினோம். தங்கராசு சார் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு சோலையிடம் போனார். "மொதல்ல நீங்க குடிங்க. உங்களுக்குத்தான் கை நடுங்குது" என்றார். சோலை அந்தத் தண்ணீரைக் குடிக்க வெகுநேரம் பிடித்தது.

இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் தோற்றார். ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் வந்தார். நான்காம் தடவை நாற்பது நிமிடம் நின்றார். நாங்கள் என்னென்னவோ சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, வேர்த்துக் கொட்ட நின்றார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குப் பழக்குகிற இடத்தில் அவரைத்தான் வைத்தோம்.

கார்த்திகையில் செத்தது சோலையின் பெரியப்பாதான். அப்பா இல்லாத சோலையை வளர்த்தவர். கண்மாய் நிறைந்து கிடந்தது. தங்கராசு சார் காலையிலேயே அதிகாரிகளைக் கூட்டி வரப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொன்னார்: "நீங்கதான் பொறுப்பு. முள்ளுக்கு இருபது அடி இப்பால நில்லுங்க. முள்ளத் தொடக் கூடாது. நான் அவுகளோட வாரேன்."

நாற்பது பேருக்கு மேல் கிளம்பினார்கள். மடி பார்த்தோம். ஆண்களை அந்தோணி பார்த்தார், பெண்களை நான். சோலை பாடைக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தோணி என்னைப் பார்த்தார். விடுங்கள் என்று கையைக் காட்டினேன். அழுதுகொண்டிருப்பவரின் மடியைத் தடவிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

வரிசை போடும்போது சோலை முன்னால் வந்து நின்றார். "சோலை, இன்னைக்கு நீங்க பின்னால நில்லுங்க தம்பி" என்றேன்.

"எம் பெரியப்பாவுக்கு முன்னால நான் நிக்காம வேற யாரு நிக்கிறதுக்கா?"

விதியைச் சொல்லி மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

முள்ளுக்கு அந்தப் பக்கம் மேலத்தெருவிலிருந்து முப்பது பேர் வந்து நின்றார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடையை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு நாங்கள் நின்றோம். கொட்டு இல்லை, வெடி இல்லை, கோஷம் இல்லை. ஒரு மணி நேரம் ஆனது. தூறல் விழுந்தது. முத்துராக்கு பிணத்துக்கு மேல் ஒரு யூரியாச் சாக்கை விரித்தார். அந்தப் பக்கமிருந்து ஒருவர், "ஏலே சோலை, கைய என்ன பின்னால கட்டிருக்க, யாருகிட்டப் பிச்ச கேட்டு வந்த?" என்றார். பின்னாலிருந்து யாரோ பதில் சொல்லப் போனார்கள். சோலை தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார்.

கல் வந்ததை நான் பார்க்கவில்லை. பட்ட சத்தம்தான் கேட்டது. முதல் கல் சோலையின் தோளில் பட்டது. பிடி விடவில்லை. உட்காருங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இரண்டாவது கல் வந்துவிட்டது. அவர் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தார். எட்டு மாதம் பழகியதால் முன்வரிசை முழுவதும் அவரோடு உட்கார்ந்தது.

பின்னால் இருந்தவர்கள் உட்காரவில்லை. ரோட்டோரத்தில் ஜல்லி குவிந்து கிடந்தது. நாலைந்து பேர் அதில் கை வைத்துவிட்டார்கள். நான் கத்தினேன்; என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அப்போது சோலை திரும்பாமலேயே பேசினார். முகமெல்லாம் ரத்தம். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"ஏலே, கல்லக் கீழ போடுங்க. பெரியப்பா கெடக்காரு. ஒக்காருங்க."

ஒவ்வொரு கல்லாகக் கீழே விழும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

நான் சோலையிடம் போனபோது அவருடைய கை இன்னும் பின்னால்தான் இருந்தது. வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்தபடி. "விடுங்க தம்பி, போதும்" என்றேன். விட முடியவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்தேன். முத்துராக்கு வந்து முந்தானையைச் சுருட்டி அவர் கண்ணில் வைத்து அழுத்தினார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

ஆம்புலன்ஸில் நான் ஏறவில்லை. வரிசைக்கு நான்தான் பொறுப்பு. நான் போனால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். அந்தோணியையும் முத்துராக்கையும் அனுப்பிவிட்டு அங்கேயே இருந்தேன். சரியான முடிவுதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த வண்டிக் கதவு சாத்தியபோது நான் வெளியே நின்றது மனசை விட்டுப் போகவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து தங்கராசு சார் தாசில்தாரோடும் போலீஸோடும் வந்தார். ரோட்டில் ரத்தத்தைப் பார்த்ததும், "யாரு?" என்றார். சொன்னேன். அப்படியே ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம்தான். பிறகு எழுந்து அதிகாரிகளிடம் போனார். முள்ளை எடுத்தார்கள். நாலு மணிக்குப் பாடை அந்தப் பாதையில் போனது. கீழத்தெருவிலிருந்து பாதை வழியாகப் போன முதல் பிணம். பெரியப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய சோலை இல்லாததால் வேறொரு பங்காளி செய்தார்.

மதுரையில் ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் நானும் சாரும் போனோம். சார் மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். முகத்தில் பாதியைக் கட்டு மறைத்திருந்தது. சோலை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, கையத் தூக்கி மறச்சிருந்தா கண்ணு பொளச்சிருக்கும்ல?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கடவுள் சித்தம் என்று சொல்ல என் வீட்டில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவருடைய ஒற்றைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எதையும் கூட்டிச் சொல்ல முடியவில்லை.

"ஆமா தம்பி" என்றேன்.

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்தார். "அது நான் சொல்லிக் குடுத்தது சோலை. எஸ்தரம்மா இல்ல, நான்" என்றார். வழக்கத்தைவிடக் குறைந்த குரலில் சொன்னார். சோலை திரும்பவில்லை. நாங்கள் கொண்டுபோன பழத்தை முத்துராக்கு வாங்கிக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு ஊரில் பேச்சு நடந்தது. பாதைதான் கிடைத்துவிட்டதே, வழக்கு வேண்டாம் என்று இரண்டு பக்கப் பெரியவர்களும் சொன்னார்கள். எங்கள் நிறுவனத்திலேயே சிலர், மன்னிப்பதுதானே நம் வழி என்றார்கள். தங்கராசு சார் ஒத்துக்கொள்ளவில்லை. "மன்னிக்கிறது சோலை செய்ய வேண்டியது, நாம இல்ல. வழக்குப் போடுறது கை நீட்டுறது ஆகாது. நடந்ததை நடக்கலன்னு சொல்லச் சொல்றதுதான் அடி" என்றார். சோலை புகார் கொடுத்தார். கல் எறிந்தது யார் என்று ஊருக்கே தெரியும். இருபத்திரண்டு வயதுப் பையன்.

வழக்கு ஐந்து ஆண்டுகள் நடந்தது. எங்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களே சாட்சிக் கூண்டில் ஏறி, தூறலில் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேலத்தெருக்காரர்களின் காட்டில்தான் அவர்களுக்கு வேலை. நான் பார்த்ததைச் சொன்னேன். கல் வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்று சொன்னேன். அதுதானே உண்மை. அந்தப் பையன் விடுதலையானான். கோர்ட்டு வாசலில் சோலை என்னைக் கடந்து போனார். நிற்கவில்லை.

இதற்கு நடுவில் ஒன்று நடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சோலையைப் பார்த்துவிட்டு வந்த வாரமே சார் பயிற்சிக் கையேட்டை எடுத்து, கை பின்னால் என்ற பக்கத்தைக் குறுக்காக அடித்தார். பக்கத்திலேயே புதிதாக எழுதினார். அடுத்த பயிற்சியில் அவரே எழுந்து நின்று, முன்பு என்ன சொல்லிக் கொடுத்தேன், அதனால் யாருக்கு என்ன ஆனது என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். அதுதான் அவர் நடத்திய கடைசிப் பயிற்சி. பிறகு அந்த வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு, மனு எழுதுவது, அலுவலகங்களுக்கு அலைவது என்று இருந்துவிட்டார். இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

திவ்யா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். கை தலைக்கு மேலே. இரண்டு முழங்கையும் முகத்தை மறைக்க, உள்ளங்கை விரிந்து வெளியே தெரிய. அதற்குப் பிறகும் எத்தனையோ இடங்களில் வரிசை நின்றது. விரல் ஒடிந்திருக்கிறது, முழங்கை பிசகியிருக்கிறது. தூக்கிய கையைப் பார்த்து யாரும் கூடுதலாகக் கல் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. சார் பயந்தது நடக்கவே இல்லை. முதலிலிருந்தே அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஓய்வு பெற்ற வாரம் நான் சோலையைப் பார்க்கப் போனேன். ஒற்றைக் கண்ணோடு லோடு ஆட்டோ ஓட்ட முடியாமல், அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு நூல்மில்லில் பகல் காவலாளியாக இருந்தார். தலை நரைத்திருந்தது. மில்லுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அவருக்கு வலப்பக்கம் நான் உட்கார்ந்தேன். இடப்பக்கம் உட்கார்ந்தால் என்னைப் பார்க்க அவர் முழுதாகத் திரும்ப வேண்டும். முத்துராக்கு சுகமாக இருப்பதாகச் சொன்னார். நான் வேலை முடிந்துவிட்டதைச் சொன்னேன்.

"ஒண்ணு சொல்லணும்க்கா" என்றார். "அன்னைக்கு என் இடுப்புல கத்தி இருந்துச்சு."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"பெரியப்பாவத் தூக்கும்போதே சொருகிட்டேன். அந்தோணி வந்து பாத்திருந்தாக் குடுத்திருப்பேன். நீங்க விடுங்கன்னுட்டீக. மொதக் கல்லு தோள்ல பட்டதும், கைய விட்டா அது எங்க போகும்னு எனக்குத் தெரியும். மூஞ்சிய மறைக்கப் போகாது. அதான் இறுக்கிப் பிடிச்சேன். நீங்க சொல்லிக் குடுத்ததுக்காகப் பிடிக்கல."

பதினான்கு ஆண்டுகள் நான் சுமந்தது அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"அதுக்காக உங்க மேல தப்பில்லன்னு ஆயிராது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "மடியப் பாக்காம விட்டீக. முன்னால நிக்க விட்டீக. கையப் பின்னால கட்டச் சொன்னீக. நானும் கத்தி எடுத்துட்டு வந்தேன். எல்லாந்தான்."

"சரி தம்பி" என்றேன்.

"அந்தக் கத்திய ஆம்புலன்சுல வச்சு முத்துராக்கு எடுத்துட்டா. கண்மாயில போட்டுட்டு வந்துட்டேன்னு ஒரு நாள் சொன்னா. அம்புட்டுத்தான், அதப்பத்தி நாங்க பேசினதே இல்ல."

மில்லில் ஷிப்டு மாறும் மணி அடித்தது. அவர் எழுந்தார். என் கிளாஸையும் சேர்த்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"இந்தக் கதையப் பயிற்சியில சொல்றீகளாமே. அந்தோணி சொன்னாரு."

"ஆமா. வேண்டாம்னா விட்டுர்றேன்."

"சொல்லுங்க. ஆனா எல்லாரும் என்ன செய்றாகன்னா, பாதை கெடச்சுச்சுன்னு சொல்லி முடிக்கிறாக. கேக்குறவுக கை தட்டுறாக. அப்படி முடிக்காதீக. பாதைய முன்னாலயே சொல்லிருங்க. கடைசியாக் கண்ணச் சொல்லுங்க."

அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பாதை கிடைத்தது. இப்போது அதில் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்திலும் கீழத்தெருவின் பிணங்கள் நனையாமல் போகின்றன. சோலைக்கு இடது கண் இல்லை.